சிவகாமியை எந்த அலமாரியில் வைப்பது?

காஞ்சிபுரத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் நூலகத்துக்கு வந்து, "பல்லவர் பத்தி கதைப் புக்கு வேணும்" என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். டியூயி முறைப்படி அடுக்கிய நூலகமாக இருந்தால் அவளை இரண்டு இடத்துக்கு அனுப்பவேண்டி வரும். தமிழ்நாட்டு வரலாறு 954.82. தமிழ்ப் புனைகதை 894.8113. முதல் அலமாரியில் கல்வெட்டு, செப்பேடு, அரச வம்சப் பட்டியல். இரண்டாவதில் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. ஆனால் அதற்கு இடமும் வலமும் இருக்கிற புத்தகங்களில் பல்லவரும் கிடையாது, காஞ்சியும் கிடையாது. ஒரு குடும்ப நாவல், ஒரு துப்பறியும் கதை, ஒரு கிராமத்துக் கதை. எல்லாமே ‘தமிழில் எழுதிய கதை’ என்ற ஒரே உறவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும்.

இது நூலகர்களின் உள்வீட்டுச் சங்கதிதானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பிள்ளை தன் ஊரின் பழங்காலத்தை முதன்முதலாக எதன் வழியாகப் பார்க்கிறது, பார்த்ததில் எதை நடந்ததாக எடுத்துக்கொள்கிறது என்பதை இந்த அலமாரி ஏற்பாடு கொஞ்சம் தீர்மானிக்கத்தான் செய்கிறது. தமிழில் பெரும்பாலானவர்களுக்கு மகேந்திரவர்மர் அறிமுகமானது மண்டகப்பட்டுக் கல்வெட்டு வழியாக அல்ல, கல்கி வழியாகத்தானே?

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். மெல்வில் டியூயி 1876-இல் தன் முறையை வெளியிட்டபோது அவர் மனதில் இருந்தது ஒரு அமெரிக்கக் கல்லூரி நூலகம். அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுசாகக் கிடைத்தது. தமிழுக்குக் கிடைத்தது 894-க்குள் ஒரு மூலை. அந்த 894-இல் நம்மோடு குடியிருப்பவர்கள் யார் தெரியுமா? துருக்கியர், ஹங்கேரியர், பின்லாந்துக்காரர். வேறெங்கும் இடமில்லாதவர்களை ஒரே வீட்டில் குடிவைத்த மாதிரி.

நம்ம ஊர்க்காரர் ரங்கநாதன் இதைவிட நன்றாக யோசித்தவர். 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில் ஒரு பெரிய கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தாராம். அதே நாலு துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு பொம்மை செய்யலாம் என்றால் புத்தக எண்ணையும் அப்படிச் செய்யலாமே என்ற யோசனை அங்கே முளைத்தது என்பார்கள். 1933-இல் கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானில் பிறந்த முறை, பிள்ளைகளின் புத்தகத்துக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

கோலனில் இலக்கியம் ‘ஓ’. தமிழ் 31. புனைகதை 3. அதற்குப் பிறகு வருவதுதான் சுவாரசியம்: ஆசிரியர் பிறந்த ஆண்டு. 1800-களுக்கு ‘எம்’, 1900-களுக்கு ‘என்’. கல்கி பிறந்தது 1899, எனவே எம்99. சாண்டில்யன் 1910, என்10. அகிலன் 1922, என்22. டியூயியில் கோட்டைவிட்ட காலம் இங்கே புத்தகத்தின் முதுகிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அது யாருடைய காலம்? எழுதினவருடைய காலம். கதை நடக்கிற காலம் இல்லை. ‘சிவகாமியின் சபதம்’ ஏழாம் நூற்றாண்டில் நடக்கிறது, ‘பொன்னியின் செல்வன்’ பத்தாம் நூற்றாண்டில். இரண்டும் எம்99-இல் பக்கத்துப் பக்கத்தில். ராஜேந்திர சோழனைப் பற்றிய அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ சாண்டில்யனைத் தாண்டி அப்பால் போய் நிற்கும். பொன்னியின் செல்வனை முடித்த பையன் அடுத்து தேடுவது அந்தப் புத்தகத்தைத்தான். அப்பா ராஜராஜன் ஒரு தட்டில், மகன் ராஜேந்திரன் இன்னொரு தட்டில்.

கல்கிக்குள்ளேயே பாருங்கள். ‘பார்த்திபன் கனவு’ 1941-இல் தொடங்கிய தொடர். ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை வந்தது. கதை வரிசையில் சிவகாமி முந்தி, பார்த்திபன் பிந்தி. எழுதின வரிசையில் அடுக்கினால் பிள்ளை நரசிம்மவர்மரை நடுவயதில் சந்தித்துவிட்டு அப்புறம்தான் இளைஞராகச் சந்திக்கும். தப்பில்லை, ஆனால் நூலகம் அதைச் சொல்லிவைக்கணும்.

இதே தலைவலியோடு பல காலமாக மல்லுக்கட்டுகிறவர்கள் யூத சமூக நூலகர்கள். தொழுகைக்கூடத்தோடும் பள்ளியோடும் ஒட்டிய சின்ன நூலகங்கள், பாதிக்குமேல் தன்னார்வலர்கள் நடத்துவது. டியூயியில் 200 என்பது சமயம். அதில் பெரும்பகுதியைக் கிறிஸ்தவம் எடுத்துக்கொள்ள, யூத சமயம் முழுக்க 296 என்ற ஒற்றை எண்ணுக்குள் அடைபட்டது. (இந்து சமயத்துக்கு 294.5. அந்த வருத்தத்தில் நமக்கும் பங்கு உண்டு.) பொறுத்துப் பார்த்து அவர்களே மாற்று செய்துகொண்டார்கள். மே வைன் என்ற நூலகர் டியூயியின் எண்களையே விரித்து ஒரு முறை செய்தார். எலாசார் சகோதரர்கள் டியூயியை ஒதுக்கிவிட்டு, தங்கள் வேதத்திலிருந்து தொடங்கும் புது வரிசையே போட்டார்கள்.

இவர்கள் கதை ஏன் காஞ்சிபுரத்துக்கு வேணும் என்றால், அங்கேயும் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் தங்கள் வரலாற்றைக் கதைப்புத்தகம் வழியாகத்தான் முதலில் சந்திக்கிறார்கள். வேதகால அரசர்கள், 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டது, 1900-களில் நியூயார்க்கில் குடியேறியது, நாஜிக்களின் இனப்படுகொலை. எல்லாவற்றுக்கும் சிறார் நாவல் உண்டு. இதையெல்லாம் ‘கதை’ என்று ஒரே அலமாரியில் ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கினால் ஆயிரம் வருஷம் குழம்பிப்போகும். காலவாரியாகப் பிரித்தால் இனப்படுகொலைத் தட்டு மட்டும் நிரம்பி வழியும், மற்றவை இளைத்துத் தெரியும். பிள்ளைகளுக்கு ‘நம்ம வரலாறுன்னா அழுகைதான்’ என்று தோன்றிவிடும். எப்படி அடுக்கினாலும் ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறது அலமாரி.

இன்னொரு சிக்கல் எல்லை. எவ்வளவு பழசானால் ஒரு கதை சரித்திரக் கதை? பிரிட்டனில் வால்டர் ஸ்காட் பெயரால் தருகிற பரிசுக்குக் கதையின் பெரும்பகுதி, எழுதுவதற்கு 60 வருஷம் முன்னால் நடந்ததாக இருக்கவேண்டும் என்று விதி. சிட்னி டெய்லரின் ‘ஆல் ஆஃப் எ கைண்ட் ஃபேமிலி’ 1951-இல் வந்தது. கதை நடப்பது 1912-இல், நியூயார்க்கின் ஏழை யூதக் குடியிருப்பில். 60 வருஷ விதிப்படி அது சரித்திரக் கதை ஆகாது. எழுதினவருக்கு அது தன் சின்ன வயசு ஞாபகம். இன்றைக்குப் படிக்கிற பிள்ளைக்கோ அது முழுச் சரித்திரம். அமெரிக்க யூத நூலகர் சங்கம் 1968-லிருந்து வழங்கிவரும் சிறார் நூல் விருது இன்று அந்த எழுத்தாளர் பெயரில்தான் இருக்கிறது.

நமக்கு இதற்குச் சரியான உதாரணம் கல்கியின் ‘அலை ஓசை’. சுதந்திரப் போராட்டத்தின் கடைசிக் கட்டமும் பிரிவினையும் காந்தி மறைவும் வருகிற நாவல். எழுதியது 1948-49. அவருக்கு அது நேற்றைய செய்தி. பரிசு விதிப்படி சரித்திர நாவல் இல்லவே இல்லை. ஆனால் 2012-இல் பிறந்த பிள்ளைக்கு 1947-உம் சரி, 642-உம் சரி, தாத்தாவுக்கு முந்திய காலம்தான். சிறார் பகுதியில் அடுக்கும்போது எழுதினவர் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார் என்பதை விட்டுவிட்டு, படிக்கிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதைத்தான் பார்க்கணும் என்பது என் கட்சி. ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை, ஆய்வாளர்களுக்குச் சிறார் அலமாரி வேண்டாம்.

‘சிறார்’, ‘பதின்வயதினர்’ என்ற பிரிவும் தமிழில் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. கல்கி எழுதியது குடும்பப் பத்திரிகையில். பாட்டி படித்து முடிக்கும்வரை பேத்தி காத்திருந்த தொடர்கள் அவை. பன்னிரண்டு வயசுக்கா, அறுபது வயசுக்கா என்று யாரும் கேட்கவில்லை. முதல் தமிழ்ச் சரித்திர நாவல் என்று சொல்லப்படுகிற, திருகோணமலை சரவணமுத்துப் பிள்ளையின் ‘மோகனாங்கி’ (1895) பெரியவர்களுக்கான காதல் கதை. அதையே பின்னால் ‘சொக்கநாத நாயக்கர்’ என்று சுருக்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். காதலைக் குறைத்து நாயக்கரைக் கூட்டினால் சிறார் நூல்! சாண்டில்யன் விஷயம் நேர்மாறு. வர்ணனைகளுக்காகவே வீட்டில் ஒளித்துவைக்கப்பட்டு, அந்தக் காரணத்துக்காகவே பதினைந்து வயசுப் பையன்கள் தேடித்தேடிப் படித்தவை. வயசு முத்திரை குத்தினால் ‘கடல் புறா’ எங்கே போகும் என்று நூலகர்கள்தான் சொல்லணும். நான் தப்பித்துக்கொள்கிறேன்.

வயசைவிட முக்கியமான பிரிவு ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். எது நடந்தது, எது சொல்லப்பட்டது, எது கற்பித்தது?

‘சிவகாமியின் சபத’த்தை எடுத்துக்கொள்வோம். புலிகேசியின் படை பல்லவ நாட்டுக்குள் வந்தது உண்மை. எதிரிகளைப் புள்ளலூரில் மகேந்திரவர்மர் அழித்ததாகப் பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. பல்லவ அரசனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளியவைத்ததாக 634-ஆம் ஆண்டு ஐஹோளே கல்வெட்டில் சாளுக்கியர் பெருமை பேசுகிறார்கள். ஒரே சண்டை, இரண்டு பேருமே ஜெயித்திருக்கிறார்கள். புள்ளலூர் ஒன்றும் தூரதேசம் இல்லை, காஞ்சிபுரத்துப் பக்கத்து ஊர். 642 வாக்கில் நரசிம்மவர்மர் வாதாபியைப் பிடித்தார். அதற்குச் சாட்சியாக அவர் ஆட்சிக்காலக் கல்வெட்டு பாதாமியிலேயே, சிதைந்த நிலையில், இன்னும் பாறைமேல் இருக்கிறது. இதெல்லாம் கல்லும் செம்பும் சொல்வது.

பரஞ்சோதி? நாவலின் தொடக்கத்தில் காஞ்சிக்குப் படிக்க வருகிற வாலிபன். அவர்தான் சிறுத்தொண்டர், வாதாபியைத் துகளாக்கியவர் என்று சொல்வது பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணம். சண்டைக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய ஐந்நூறு வருஷம். பொய் என்று தள்ளவும் முடியாது, கல்வெட்டுக்குச் சமமாக வைக்கவும் முடியாது. சொல்லிவந்த கதை என்று தனியாக வைக்கணும்.

சிவகாமி, ஆயனச் சிற்பி, நாகநந்தி? மூவரும் கல்கியின் பிள்ளைகள். ஒரு கல்வெட்டிலும் இல்லை. ஆனால் நாவலைப் படித்த யாரையாவது கேளுங்கள். மூன்று வகையில் யார் அதிக உயிரோடு நினைவில் இருக்கிறார்கள்? சிவகாமிதான். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்ததும் ஆயனரை நினைக்காதவர்கள் குறைவு. கல்கியின் குற்றம் இல்லை இது, வெற்றி. ஆனால் அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் இந்த மூன்று வகையையும் பிரித்துச் சொல்ல நூலகத்தில் ஓர் ஏற்பாடு வேண்டாமா?

லோயிஸ் லவ்ரி 1989-இல் எழுதிய ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ என்ற சிறார் நாவல், 1943-இல் டென்மார்க்கில் யூதர்களை ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றிய கதை. கடைசியில் ஒரு பின்னுரை. அதில் இந்தப் பெண் கற்பனை, இந்த அரசர் உண்மை, இந்தச் சம்பவம் உண்மை என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் அவரே பிரித்து வைக்கிறார். கதையின் மயக்கம் அதனால் ஒன்றும் கெடவில்லை. ஆன் பிராங்கின் டைரி வரலாற்று எண்ணில், 940.5318-இல் இருக்கும். லவ்ரியின் நாவல் கதைப் பகுதியில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே அந்தப் பின்னுரை ஒரு பாலம். நம்முடைய சரித்திர நாவல் மறுபதிப்புகளில் இப்படி நாலு பக்கம் சேர்க்க என்ன தடை? கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். அட்டைப்படத்துக்குச் செலவழிப்பதில் கால்வாசி போதும்.

பதிப்பாளர் செய்யாவிட்டால் நூலகமே செய்யலாம். உள்ளட்டையில் ஒரு சீட்டு: கதை நடக்கும் காலம், கதை நடக்கும் ஊர், கல்லில் உள்ளவர்கள், புராணத்தில் உள்ளவர்கள், கற்பனை மனிதர்கள். புத்தகம் ஒரு இடத்தில்தான் நிற்கமுடியும், ஆனால் பட்டியலில் அதற்கு எத்தனை வாசல் வேண்டுமானாலும் வைக்கலாம். கணினிப் பட்டியலில் உள்ளடக்கக் காலத்துக்கென்றே ஒரு புலம் உண்டு, மார்க் முறையில் 045. அதை நிரப்பிவைத்தால் ‘ஏழாம் நூற்றாண்டு’ என்று தட்டுகிற பிள்ளைக்குச் சிவகாமியும் வரும், பார்த்திபனும் வரும், மகேந்திரவர்மரே எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசன’த்தின் மொழிபெயர்ப்பும் வரும். கடைசியாகச் சொன்னது காஞ்சித் தெருவில் நடக்கிற நகைச்சுவை நாடகம். ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியைப் பற்றி ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சி அரசன் எழுதியது. அதைச் சரித்திரக் கதை என்பதா, அந்தக்கால சமூகக் கதை என்பதா? படிக்கிறவர் தூரம்தான் கணக்கு என்று மேலே சொன்னேனே, அதன்படி தாராளமாகச் சேர்க்கலாம். குடிகாரக் காபாலிகர் வருகிறார், அதனால் வயசு முத்திரைக்காரர்கள் கொஞ்சம் முனகுவார்கள்.

காஞ்சிக்காரர்களுக்கு இதில் ஒரு முன்மாதிரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. அதன் சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசையாகச் சிற்பப் பலகைகளாகச் செதுக்கியிருக்கிறது. சிலவற்றுக்குக் கீழே, படத்துக்குத் தலைப்பு போட்ட மாதிரி, எழுத்தும் இருக்கிறது. அது சொல்லும் கதை: பரமேசுவரவர்மன் இறந்துபோகிறான், நாட்டுக்கு அரசன் இல்லை. மாத்திரர், மூலப்பிரகிருதிகள், கடிகையார் எல்லாரும் கூடி இரணியவர்மனிடம் போய், அவன் பிள்ளைகளில் ஒருவனைக் கேட்கிறார்கள். நான்கு பிள்ளைகள். மூத்த மூவரும் மறுக்கிறார்கள். கடைசிப் பையன் பல்லவமல்லன், வயது பன்னிரண்டு, "நான் போகிறேன்" என்கிறான். அப்பா கலங்குகிறார், பிறகு சம்மதிக்கிறார். பையன் மலையும் ஆறும் காடும் தாண்டிக் காஞ்சிக்கு வருகிறான். 731 வாக்கில் முடிசூட்டுகிறார்கள். இரணியவர்மன் இருந்த இடம் எது, கடல்தாண்டியா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

பன்னிரண்டு வயசு! எந்த ஊர் சிறார் எழுத்தாளருக்கு இப்படி ஒரு நாயகன் வாய்ப்பான்? இந்தப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்து அடையாளம் சொன்னவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண், 1936-இல். பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய அவருடைய ஆய்வு 1938-இல் நூலானது. வைகுண்டப் பெருமாள் சிற்பங்களைப் பற்றிய நூல் 1941-இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை, முந்தின ஆண்டே இறந்துவிட்டார். அந்தப் புத்தகம் எந்தச் சிறார் அலமாரிக்கும் வராது. ஆனால் அதில் இருப்பது படமும் தலைப்பும் கொண்ட ஒரு சிறுவன் கதைதான்.

காலவாரியாகச் சீட்டு எழுத உட்கார்ந்தால் இன்னொன்றும் கண்ணில் படும். காஞ்சியைப் பற்றிய சரித்திரக் கதைகளில் அரசர் உண்டு, சிற்பி உண்டு, நடனமாடும் பெண் உண்டு. ஊரில் வீட்டுக்கு வீடு சத்தம் கேட்ட தறி? அது இல்லை, இருந்தாலும் ஓரமாகத்தான். கோர்வைச் சேலை நெய்ய உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நெசவாளி ஒருத்தரால் மூன்றையும் கையாள முடியாது. எதிர்ப்பக்கக் கரை நாடாவைத் தள்ள ஒரு துணைக்கை வேணும். பல தலைமுறைக்கு அந்தத் துணைக்கை பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கை. பள்ளிக்கூடம் போகாத கை. முன்பணத்துக்கு அடகாக வைத்த கையும் உண்டு. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படம், பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்தது, சுதந்திரத்துக்கு முந்தின நெசவாளர் வாழ்க்கையைத் தொட்டது. மகளுக்குப் பட்டு உடுத்த ஆசைப்பட்ட அப்பாவின் கதை அது. அந்தத் துணைக்கைப் பிள்ளையின் கண்ணிலிருந்து, பதினாலு வயசுக்காரர் படிக்கிற மாதிரி ஒரு நாவல் இருந்தால், அது போய் நிற்கவேண்டிய இடத்தை இப்போதே காலியாக விட்டுவைக்கலாம். காலம்: இருபதாம் நூற்றாண்டு. ஊர்: காஞ்சிபுரம். கல்லில் உள்ளவர்கள்: யாருமில்லை.